பக்கத்தில் ஒரு வெளியூர்

நத்தத்துக்காரர்களுக்கு மதுரை புதிய ஊர் இல்லை. கல்யாணத்துக்குப் புடவை எடுக்க மதுரை, பெரிய வைத்தியம் என்றால் மதுரை, பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க மதுரை, சித்திரையில் அழகரைப் பார்க்க மதுரை. பஸ் ஏறினால் ஒரு மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம். ஆனால் இந்தப் பயணங்கள் அத்தனையிலும் கையில் ஒரு வேலை இருக்கிறது. வேலை முடிந்த கையோடு பஸ்ஸைப் பிடிக்கும் அவசரமும் இருக்கிறது. மருந்துச் சீட்டோடும் ஜவுளிப் பையோடும் நூறு தடவை போய்வந்த ஊரை, பார்த்து முடித்த ஊர் என்று நாமே கணக்கு எழுதி வைத்திருக்கிறோம். அந்தக் கணக்கு தவறு. வேலை ஒன்றும் இல்லாமல், ஊரைப் பார்ப்பதே வேலையாக, பிள்ளைகளோடு போய் ஓர் இரவு தங்கி வருவதற்கு, நத்தம் வட்டாரக் குடும்பங்களுக்கு மதுரையைவிடச் சிக்கனமான இடம் வேறு கிடையாது. அதைவிட நிறைவான இடமும் எளிதில் அகப்படாது. சிக்கனம் என்பதால் நிறைவைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மதுரை விஷயத்தில் இரண்டும் ஒரே காரணத்திலிருந்து பிறக்கின்றன.

நம் பக்கத்தில் 'டூர்' என்ற சொல்லுக்கு ஓர் உருவம் நிலைத்துப்போயிருக்கிறது. நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு வேன் பிடிக்கும். விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பும். இரண்டு நாளில் ஏழெட்டு ஊர், எல்லா ஊரிலும் அரை மணி நேரம். திரும்பி வந்த பிள்ளையிடம் என்ன பார்த்தாய் என்று கேட்டால் வேனில் ஓடிய படத்தின் பெயரைச் சொல்லும். இல்லையென்றால் மே மாதத்துக் கொடைக்கானல். நம் மாவட்டத்திலேயே இருக்கும் மலைதான்; அதன் குளிர்ச்சியில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் கோடை விடுமுறையில் அங்கே என்ன நடக்கிறது? வண்டிகள் தாங்காமல், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வாங்கித்தான் போக வேண்டியிருக்கிறது. எல்லோரும் ஒரே மாதத்தில் ஒரே இடத்துக்குப் போனால் அறை வாடகையும் ஏறும், சாப்பாட்டு விலையும் ஏறும், ஏரிக்கரையில் நிற்க இடமும் இருக்காது. சம்பளம் குறைந்த குடும்பம் அங்கே போய்ச் செலவழிப்பதில் பெரும்பகுதி மலைக்காகப் போவதில்லை, கூட்டத்துக்காகப் போகிறது.

செலவு என்று சொல்லும்போது பஸ் கட்டணத்தையும் அறை வாடகையையும் மட்டும் எண்ணுவது சம்பளக்காரர்களின் பழக்கம். நத்தத்தில் பெரும்பாலானவர்களின் கணக்கு வேறு. இங்கே வீடுகளிலும் சிறு கூடங்களிலும் ரெடிமேட் சட்டை தைக்கிறார்கள். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி; காலர் தைப்பவருக்கு ஒரு ரேட், பட்டன் கட்டுபவருக்கு ஒரு ரேட். மெஷின் ஓடாத நாளில் காசு இல்லை. மாங்காய்ப் பருவத்தில் தோப்பு வேலை, புளி உலுக்கும் காலத்தில் புளி வேலை என்று இருப்பவர்களுக்கும் அதே நிலைமைதான். 1948-இல் வந்த தொழிற்சாலைச் சட்டம், வருடத்தில் 240 நாள் வேலை பார்த்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுப்பு தந்தது. ஆனால் இரண்டு மெஷின் போட்ட திண்ணைக்கு அந்தச் சட்டம் வந்து சேரவில்லை. அரசு ஊழியருக்கு விடுமுறைப் பயணச் சலுகை உண்டு, சட்டை தைப்பவருக்கு இல்லை. ஆகவே கூலிக் குடும்பம் நான்கு நாள் ஊட்டிக்குப் போனால், அங்கே செலவாகும் பணத்தோடு இங்கே வராமல் போகும் நான்கு நாள் கூலியையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கணவன் மனைவி இருவரும் தைப்பவர்கள் என்றால் எட்டு நாள் கூலி. தூரம் குறைந்தால் மிச்சமாவது டீசல் என்று நினைக்கிறோம். உண்மையில் மிச்சமாவது கூலி. சனிக்கிழமை மதியம் கணக்கு முடித்துவிட்டுக் கிளம்பி, ஞாயிறு இரவு வீட்டுக்கு வந்து, திங்கள் காலை மெஷினில் உட்கார முடிகிற தூரத்தில் ஒரு பெருநகரம் இருப்பது, அதன் கோயிலும் அரண்மனையும் எவ்வளவு பெரிய சொத்தோ, அவ்வளவு பெரிய சொத்து.

'முப்பத்தைந்து கிலோமீட்டர் போவதெல்லாம் ஒரு டூரா?' என்ற கேள்வி உடனே வரும். உலகத்தில் ஏழை எளியவர்களின் உல்லாசப் பயணம் எப்படித் தொடங்கியது என்று பார்த்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும். இங்கிலாந்தில் 1841 ஜூலை 5 அன்று, தாமஸ் குக் என்பவர் லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோவுக்குத் தனி ரயில் ஏற்பாடு செய்தார். மது ஒழிப்பு இயக்கத்தைச் சேர்ந்த சுமார் 500 பேர், தலைக்கு ஒரு ஷில்லிங், தேநீரும் உண்டு. பின்னாளில் உலகம் முழுக்கக் கிளை விரித்த ஒரு சுற்றுலா நிறுவனத்தின் முதல் பயணம் என்று வரலாறு கொண்டாடுவது இதைத்தான். அந்த இரண்டு ஊருக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 18 கிலோமீட்டர். நத்தத்திலிருந்து மதுரைக்குப் போவதில் பாதி! வடக்கு இங்கிலாந்தின் லங்காஷயர் பருத்தி ஆலைத் தொழிலாளர்களின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. ஒவ்வோர் ஆலை நகரமும் வருடத்தில் ஒரு வாரம் மொத்தமாக ஆலையை மூடும். மூடிய வாரத்துக்குச் சம்பளம் கிடையாது. அதற்காக வருடம் முழுவதும் வாரா வாரம் சில காசுகளை ஆலையிலோ சபையிலோ கட்டி வைப்பார்கள். நம் ஊர் தீபாவளிப் பண்டு, வாரச் சீட்டு இருக்கிறதே, அதே ஏற்பாடு. அந்தப் பணத்தில் ரயிலேறிப் பக்கத்துக் கடற்கரையான பிளாக்பூலுக்குப் போனார்கள். பிளாக்பூல் பெரிய உல்லாச நகரமானது பெரும்பாலும் இந்த நெசவாலைக்காரர்களின் சில்லறையால்தான். சம்பளத்தோடு விடுமுறை வேண்டும் என்ற சட்டம் பிரிட்டனில் 1938-இல்தான் வந்தது. சட்டம் வரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. கிட்டத்தில் இருந்த ஊரும் வாராந்தரச் சேமிப்பும் போதும் என்று கிளம்பிவிட்டார்கள். நூலோடும் துணியோடும் பிழைக்கிற நத்தத்துக்கு இதைவிடப் பொருத்தமான முன்னோடி கிடைக்காது.

இதை மேல்நாட்டுப் பழக்கம் என்று ஒதுக்கவும் முடியாது. சித்திரைத் திருவிழாவுக்குக் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு போய், வைகைக் கரையிலும் தல்லாகுளத்திலும் குடும்பத்தோடு தங்கி, மண்டகப்படிகளில் கொடுத்ததைச் சாப்பிட்டு, எதிர்சேவையும் ஆற்றில் இறங்குவதும் பார்த்துவிட்டு வந்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். பெயர் வைக்காமலே நகரத்தில் விடுமுறை கழித்தவர்கள் அவர்கள். 1689 முதல் 1706 வரை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலைகளை அமைத்ததையும், சாலையோரம் சத்திரங்கள் கட்டியதையும் ஊரெல்லாம் இன்றும் பேசுகிறார்கள். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் ஒரு சத்திரமே இருக்கிறது. காசில்லாதவனும் ஊர் பார்க்க வருவான், அவனுக்குப் படுக்க இடம் வேண்டும் என்று ஓர் அரசு யோசித்த மண் இது. நடுவில் நாம்தான் மறந்துவிட்டோம்.

மதுரை ஏன் சிக்கனம் என்பதற்குப் பக்கத்து ஊர் என்பதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அந்த ஊரில் உயர்ந்தவை எல்லாம் பொதுச் சொத்து. ஒரு நகரத்தில் பணமில்லாத குடும்பம் சந்தோஷமாக இருக்க முடியுமா என்பது அங்கே எத்தனை நல்ல இடங்கள் டிக்கெட் இல்லாமல் திறந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது. விலைவாசியில் யாரையும் மிரட்டும் லண்டனிலேயே இதைப் பார்க்கலாம். அங்கே ஓட்டல் அறையும் சாப்பாடும் ஆகாய விலை. ஆனால் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 1759-இல் திறந்தபோதும் இலவசம், இன்றும் இலவசம். இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், அறிவியல் அருங்காட்சியகம் போன்றவை கட்டணம் வாங்கிக்கொண்டிருந்தன. 1999-இல் குழந்தைகளுக்கு, அடுத்த வருடம் முதியவர்களுக்கு, 2001 டிசம்பர் 1 முதல் எல்லோருக்கும் என்று படிப்படியாகக் கட்டணத்தை எடுத்தார்கள். பெரியவர்களோடு வரும் பதினோரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு லண்டன் பஸ்ஸிலும் சுரங்க ரயிலிலும் டிக்கெட் கிடையாது. அதனால்தான் கையில் காசு குறைந்த குடும்பமும் டைனோசர் எலும்புக்கூட்டின் கீழே பிள்ளையை நிறுத்திவிட்டு, கொண்டுவந்த ரொட்டியைப் பூங்காவில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போக முடிகிறது. மதுரையில் இதற்கு நிகரானவை இல்லையா? இருக்கின்றன. நாம் அவற்றைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துப் போகும் இடமாக மட்டும் நினைத்துவிட்டோம்.

காந்தி அருங்காட்சியகத்தையே எடுத்துக்கொள்வோம். மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில், 1959 ஏப்ரல் 15 அன்று நேரு திறந்துவைத்தது. நுழைவுக் கட்டணம் இல்லை. விடுதலைப் போராட்டத்தை முதலிலிருந்து சொல்லிக்கொண்டு போகும் படக்கூடத்தைக் கடந்தால், 1948 ஜனவரி 30 அன்று சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த துணி, ரத்தக் கறையோடு கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. பாடப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்த சாவு, அங்கே ஒரு துணியாக எதிரே கிடக்கிறது. எந்த வயதுப் பிள்ளையும் அங்கே பேச்சை நிறுத்தும். இந்தக் கதையின் முன்பாதியும் மதுரையிலேயே இருக்கிறது. 1921 செப்டம்பர் 22 அன்று, மேலமாசி வீதியில் ஒரு வீட்டு மாடியில் தங்கியிருந்தபோதுதான் காந்தி சட்டையையும் நீள வேட்டியையும் விட்டு, அரையில் ஒரு துண்டு வேட்டி போதும் என்று மாறினார். அந்தக் கட்டடத்தில் இப்போது கதர் விற்பனை நிலையம் இருக்கிறது. புதிய உடையில் அவர் மக்கள் முன்னால் தோன்றிய இடம் இன்றைய காமராசர் சாலையில் காந்தி பொட்டல் என்று விளங்குகிறது. சட்டை தைத்துப் பிழைக்கிற ஊரிலிருந்து வரும் குடும்பம், ஒரு மனிதர் சட்டையைத் துறந்த இடத்திலிருந்து அவருடைய கடைசித் துணி இருக்கும் இடம் வரை ஒரே நாளில் போய்ப் பார்க்கலாம். இதற்கு டவுன் பஸ் காசு தவிர வேறு செலவு இல்லை. சாதாரணக் கட்டணப் பஸ்ஸாக இருந்தால் 2021 மே மாதம் வந்த ஏற்பாட்டின்படி அம்மாவுக்கும் மகளுக்கும் அதுவும் இல்லை.

தெருக்களையும் கண்காட்சிப் பொருளாகப் பார்க்கக் கற்றுக்கொண்டால் மதுரையில் செலவு இன்னும் குறையும். கோயிலைச் சுற்றி ஆடி வீதி, அதற்கு வெளியே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியாக வெளி வீதி என்று வரிசையாக ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்கள். மாதங்களின் பெயரைத் தெருக்களுக்கு வைத்து, அந்தந்த மாதத் திருவிழாவுக்கு அந்தந்தத் தெருவைக் கொடுத்த ஊர் இது. பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுத்து, நடக்க நடக்க அந்தச் சதுரங்களை வரையச் சொன்னால் போதும். ஒரு மணி நேரத்தில் ஊரின் வரைபடம் அதன் கையில் இருக்கும். வெளி வீதிக்கு ஏன் அந்தப் பெயர்? அங்கேதான் கோட்டையும் அகழியும் இருந்தன. 1840-களில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் கோட்டையை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊரை வெளியே விரியவிட்டார். அந்த வேலையில் அவரோடு இருந்த அளவையாளர் மாரட்டின் பெயர் மாரட் வீதியிலும், மேஸ்திரி பெருமாளின் பெயர் பெருமாள் மேஸ்திரி வீதியிலும் நின்றுவிட்டது. ஒரு மேஸ்திரியின் பெயரைத் தெருவாக வைத்துக்கொண்ட ஊரில், கட்டட வேலைக்குப் போகிற அப்பா தன் பிள்ளைக்கு அந்தப் பெயர்ப் பலகையைக் காட்ட வேண்டாமா? பிளாக்பர்னுக்கு நன்றியாக ஊரார் நட்டதுதான் கீழ மாசி வீதிப் பக்கம் இருக்கும் விளக்குத்தூண். போலீஸ் ஸ்டேஷன் பெயராகவும் பஸ் நிறுத்தமாகவும் நமக்குத் தெரிந்த சொல், ஒரு கோட்டை இடிந்த கதையைச் சுமந்துகொண்டிருக்கிறது.

திருமலை நாயக்கர் மகாலுக்குக் கட்டணம் உண்டு, ஆனால் ஒரு டீ வடைக் காசுக்கு மேல் மனம் உறுத்தும் தொகை இல்லை. 1636-இல் கட்டிய அரண்மனையில் இப்போது மிஞ்சியிருப்பது ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான். பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பெயர்த்தெடுத்ததும், பிறகு கேட்பாரற்றுக் கிடந்ததும் போக மீந்ததை, 1860-களில் சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபு பழுதுபார்க்கவைத்தார். தூணைக் கட்டிப்பிடித்துப் பார்த்துக் கை எட்டவில்லை என்று சிரிக்கும் பிள்ளைக்கு, இதைப்போல் நான்கு மடங்கு இங்கே இருந்தது என்று சொன்னால் அது கேட்கும் கேள்விகளுக்கு அரை நாள் போதாது. அங்கே பத்து நிமிடத்தில் செல்ஃபி எடுத்துக்கொண்டு வெளியே வருவது வேன் டூரின் வேகம். ஓர் ஊரில் இரண்டு நாள் தங்குகிறவர்களுக்கு அந்த வேகம் தேவைப்படாது.

இனி, எதிர்ப்பு பலமாக வரும் இடத்துக்கு வருவோம். 'இதையெல்லாம் காலையில் போய் ராத்திரி வந்து பார்க்கலாமே, மறுநாள் வேண்டுமானாலும் போகலாம். எதற்கு லாட்ஜுக்கு ஆயிரம் ரூபாய் அழ வேண்டும்?' நியாயமான கேள்வி. மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரு இரவுக்குத்தான் போகிறது. ஆனால் சிக்கனம் என்பது எல்லாச் செலவையும் குறைப்பது இல்லை. எந்தச் செலவைக் குறைக்கக் கூடாது என்று தெரிந்திருப்பதும் அதில் அடக்கம். மதுரை இரவில்தான் விழித்திருக்கும் ஊர். மீனாட்சி கோயிலில் நாளின் கடைசிப் பூஜை பள்ளியறைப் பூஜை. சொக்கநாதர் பல்லக்கில் புறப்பட்டு மீனாட்சியின் சன்னிதிக்குப் போவார். இரவு ஒன்பது மணிக்கு மேல் நடக்கும் இதைக் கடைசி பஸ்ஸை நினைத்துக் கவலைப்படுகிறவர் நின்று பார்க்க முடியாது. பார்த்துவிட்டு வெளியே வந்தால், சூடு அடங்கிய சித்திரை வீதியில் கோபுரங்களை அண்ணாந்து பார்த்தபடி பிள்ளைகள் ஓடலாம். ராத்திரி இட்லிக் கடை, பருத்திப்பால் வண்டி, புரோட்டாக் கல்லின் சத்தம் எல்லாம் அதற்குப் பிறகுதான். விடியுமுன்னே எழுந்தால் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிகை மூட்டை மூட்டையாக இறங்கிக்கொண்டிருக்கும். திண்டுக்கல், நிலக்கோட்டைப் பக்கப் பூவைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கும் அந்தக் குவியல் வியப்புதான். இரவையும் விடியலையும் வெட்டிவிட்டு நடுப்பகலை மட்டும் இரண்டு தடவை பார்ப்பவர், வெயிலை இரண்டு தடவை பார்க்கிறார், மதுரையை ஒரு தடவைகூடப் பார்ப்பதில்லை. அம்மாவுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. இரவு வீடு திரும்பினால் அடுப்பும் பாத்திரமும் காத்திருக்கும். விடுமுறை அப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும்தான் கிடைக்கும். வருடத்தில் ஒரு நாள் அவர் எழுந்ததும் அடுப்புப் பற்றவைக்காமல் இருக்கட்டும். அந்த ஆயிரம் ரூபாய்க்கு இதற்கு மேல் கணக்குக் கேட்க வேண்டியதில்லை.

கோயிலைப் பற்றி இன்னும் ஒன்று. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் நடந்த தீ விபத்துக்குப் பிறகு உள்ளே செல்போனுக்குத் தடை இருக்கிறது. பலருக்கு இது குறையாகப் படுகிறது. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இது வரம். ஆயிரங்கால் மண்டபம் என்கிறார்களே, உண்மையில் எத்தனை தூண் என்று பிள்ளைகளை எண்ணவிட்டால் (985 என்பார்கள்) கையில் போன் இல்லாததால் உண்மையாகவே எண்ணுவார்கள். சிறப்புத் தரிசன டிக்கெட் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. பொது வரிசை நகரும்போது தூண்களில் பார்க்க வேண்டியது எவ்வளவோ இருக்கிறது.

இரண்டாம் நாளை இரண்டு இடங்களுக்குத் தந்தால் போதும். ஒன்று கீழடி. மதுரையிலிருந்து பன்னிரண்டு பதிமூன்று கிலோமீட்டர். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீட்டின் சாயலில் கட்டியது. கீழடியின் காலத்தை கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை கொண்டுபோன அறிக்கையைத் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 2019 செப்டம்பரில் வெளியிட்டது. அந்தப் பெருமையைப் பிள்ளைக்குச் சொற்பொழிவாகச் சொல்லத் தேவையில்லை. பகடைக்காயையும், பானை ஓட்டில் தேய்த்துச் செய்த வட்டச் சில்லையும் காட்டினால் அதுவே 'நாங்களும் இதைத்தானே விளையாடுகிறோம்' என்று சொல்லிவிடும். 'ஆதன்' என்று பானையில் கீறிய பெயரை எழுத்துக் கூட்டிக் காட்டலாம். நூல் நூற்கும் தக்களியின் முன்னால் நத்தத்துத் தையற்காரர் கொஞ்ச நேரம் நிற்பார். மற்றொன்று, திரும்பும் வழியில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகம். 2023 ஜூலை 15 அன்று திறந்தது, இரண்டு லட்சம் சதுர அடிக்கு மேல் பரப்பு, கட்டணம் கிடையாது. பிள்ளைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. அது எந்தச் சாலையில் இருக்கிறது தெரியுமா? புது நத்தம் சாலையில். நம் ஊர்ப் பெயரைச் சுமந்த சாலையில், தென்மாவட்டங்களின் பெரிய நூலகம் நிற்கிறது. அதே 2023-இல் ஏப்ரலில் திறந்த ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளும் பறக்கும் பாலத்தில் ஏறினால் பயண நேரம் குறைகிறது, சரிதான். பிள்ளைகள் உடன் இருந்தால் ஒரு தடவையாவது கீழ்ச்சாலையில் வந்து அங்கே இறங்க வேண்டும்.

பணக் கணக்குக்கு வருவோம். கணவன், மனைவி, பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். அரசுப் பஸ் கட்டணம் 2018-இல் ஏறியதற்குப் பிறகு பெரிதாக மாறவில்லை. நான்கு பேர் போய்வர 250 ரூபாய்க்குள் முடியும். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அரை டிக்கெட், ஐந்து வயது வரை டிக்கெட்டே இல்லை. ரயில் நிலையத்துக்கும் கோயிலுக்கும் இடைப்பட்ட தெருக்களில் எளிய லாட்ஜ்கள் நிறைய. குடும்பத்துக்கு ஏற்ற, சுத்தமான அறை ஓர் இரவுக்கு 1,100 ரூபாய் அளவில் என்று வைக்கலாம். சாப்பாட்டுக்கு இரண்டு நாளும் சேர்த்து 1,100. முதல் நாள் மதியத்துக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு போய்விட்டால் இது தாராளம். கோயில் அன்னதானத்தில் உட்காருவதில் கௌரவக் குறைச்சல் ஏதும் இல்லை. ஒரு ரூபாய் இட்லி கிடைக்கும் அம்மா உணவகமும் இருக்கிறது. டவுன் பஸ், தவிர்க்க முடியாத ஓர் ஆட்டோ, கீழடிப் போக்குவரத்து எல்லாம் 300. நுழைவுக் கட்டணங்கள் 150. ஜிகர்தண்டாவுக்கும் பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்கும் ஒரு பொருளுக்கும் 200. மொத்தம் 3,100. வாரம் 60 ரூபாய் சீட்டுக் கட்டினால் வருடக் கடைசியில் 3,120 கையில் இருக்கும். திருவிழா நாட்களிலும் முகூர்த்த நாட்களிலும் அறை வாடகை ஏறும் என்பதால் இந்தக் கணக்கு அப்போது செல்லாது. அதனால்தான் சித்திரைத் திருவிழாவுக்குப் போவதையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது அழகருக்காகப் போவது, ஒரே நாளில் திரும்பிவிடலாம். இது ஊருக்காகப் போவது. அரையாண்டு விடுமுறையில், டிசம்பர் கடைசியில், ஐயப்ப பக்தர்கள் கூட்டம் இருந்தாலும் வெயில் இல்லாதபோது போவது நல்லது. மே மாதத்து மதுரையைப் பிள்ளைகளுக்குக் காட்டி ஊரை வெறுக்கவைக்க வேண்டாம். பகல் உச்சி வேளையில் கோயில் நடையும் சாத்தியிருக்கும். அந்த நேரத்தை அருங்காட்சியகத்துக்கோ அறையில் ஒரு தூக்கத்துக்கோ கொடுத்துவிடலாம். அருங்காட்சியகங்களுக்கு வார விடுமுறை வெவ்வேறு நாள், முன்கூட்டிக் கேட்டுக்கொள்வது அவசியம்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு தயக்கம் மிஞ்சும். அதைப் பணத்தால் அளக்க முடியாது. லீவுக்கு எங்கே போனாய் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் மதுரை என்று சொல்லப் பிள்ளைக்குக் கூச்சம், எங்கே டூர் என்று பக்கத்து வீட்டில் கேட்டால் சொல்ல நமக்கும் கூச்சம். ஊட்டி என்ற பெயருக்கு இருக்கும் எடை மதுரைக்கு இல்லை. இந்தக் கூச்சத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கடன் வாங்கி டூர் போகவைப்பது இதுதான். ஆனால் மதுரையைப் பார்க்க வருகிறவர்கள் யார் என்று யோசிக்க வேண்டும். பிரான்சிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் லட்சக்கணக்கில் செலவழித்து விமானம் ஏறி வந்து, அந்த ஆடி வீதியிலும் மகாலிலும் கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்கிறார்கள். அவர்களுக்கு எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருப்பது நமக்கு ஒரு பஸ் டிக்கெட் தூரத்தில் இருக்கிறது. கிட்டத்தில் இருப்பதால் அதன் தரம் எப்படிக் குறையும்? பிள்ளை பள்ளிக்கூடத்தில் மதுரை என்று சொல்லி நிறுத்தினால் கூச்சம் வரும். ரத்தக்கறைத் துணியையும், பல்லக்கில் போன சொக்கநாதரையும், இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய சில்லையும் பற்றிச் சொல்ல அதன் வாயில் கதை இருந்தால், கேட்கிற பிள்ளைகள் ஊர்ப் பெயரைக் கேட்டுவிட்டு விட மாட்டார்கள்.

நியாயமான எதிர்ப்பு ஒன்று உண்டு. அதற்குக் குடும்பங்களிடம் பதில் இல்லை, நகரத்திடம்தான் இருக்கிறது. காசு குறைவாக வைத்திருப்பவர் ஓட்டலில் உட்கார்ந்து இளைப்பாற மாட்டார், வாடகைக் காரில் ஏற மாட்டார். அவருக்குத் தெருதான் வரவேற்பறை. அந்தத் தெருவில் பெண்கள் நம்பிப் போகிற கழிப்பறை எங்கே? பாட்டி உட்கார நிழலில் ஒரு பெஞ்ச் எங்கே? பிள்ளையின் பாட்டிலில் ஊற்றிக்கொள்ள நல்ல தண்ணீர் எங்கே? மாசி வீதிகளில் நடைபாதை இருக்கும் இடத்தில் பைக் நிற்கிறது. தெருக்களின் கதையைச் சொல்லும் பலகை தமிழில் ஒன்றுகூடக் கண்ணில் படுவதில்லை. மாரட் யார், பெருமாள் யார் என்று அந்த வீதியில் கடை வைத்திருப்பவருக்கே தெரிவதில்லை. நட்சத்திர ஓட்டலில் தங்கும் பயணிக்கு இந்தக் குறைகள் உறைக்காது. நத்தத்திலிருந்தும் மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் வரும் குடும்பத்துக்கு இவைதான் ஊர். சுற்றுலா வளர்ச்சி என்று பேசும்போதெல்லாம் பெரிய ஓட்டல்களையும் விமான நிலைய விரிவாக்கத்தையும் பற்றியே பேசுகிறோம். நாலு கழிப்பறை, நாற்பது பெஞ்ச், மங்கம்மாள் செய்ததுபோல் குடும்பங்களுக்குக் குறைந்த வாடகையில் ஒரு நல்ல தங்கும் விடுதி என்று கேட்டால் அது சின்னக் கோரிக்கையாகப் படுகிறது. முந்நூறு வருடங்களுக்கு முன்பு ஓர் அரசி அதைச் சின்னதாக நினைக்கவில்லை.

அதுவரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. நத்தத்தில் மாசித் திருவிழா முடிந்து, மாரியம்மன் கோயில் பூக்குழிச் சாம்பல் ஆறி, தையற்கூடங்களில் மெஷின்கள் மறுபடி ஓடத் தொடங்கும்போது வாரச் சீட்டை ஆரம்பித்தால், அரையாண்டுப் பரீட்சை முடியும் டிசம்பருக்குள் நாற்பது வாரம் கட்டி முடிந்திருக்கும். வாரத்துக்கு 80 ரூபாய் போட்டால் 3,200. டீக்கடையில் இரண்டு பேர் உட்கார்ந்து இரண்டு தடவை டீ குடித்து, ஆளுக்கொரு வடையும் எடுத்துக்கொள்கிற காசு.